அடுத்த ரிக்: என் மொட்டைமாடிக்கு எது பொருந்தும்?

நான் ஒரு ஹாம், அதாவது உரிமம் வாங்கி ரேடியோவில் மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்குக்காரன். அந்த ரேடியோப் பெட்டியைத்தான் நாங்கள் ரிக் என்போம். மதுரையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மொட்டைமாடியில் 40 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டால் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எட்டில் போய் நின்றுவிடும். யாரும் பேசாதபோதே எட்டு. அக்கம்பக்கத்து எல்இடி விளக்குகள், டிவி பெட்டிகள், செல்போன் சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் அது. ஒரு நாள் தெருவுக்கே மின்சாரம் போனது. ரிக் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் அணையவில்லை. முள் சட்டென்று மூன்றுக்கு இறங்கியது. அதுவரை வெறும் சீற்றலாக இருந்த இடத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் 30 டெசிபல். எதிர்முனையில் இருப்பவர் தன் பவரை ஆயிரம் மடங்கு கூட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாகக் கேட்குமோ, அவ்வளவு நன்றாக அன்று கேட்டது. என் பழைய பெட்டி அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் உயிரைவிட்டது. அடுத்ததாக என்ன வாங்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த மின்வெட்டு இரவுதான் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டு மதிப்புரைகள் பெரிதாகப் பேசும் பல வசதிகள் அந்த இரவில் எனக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது. அவை கண்டுகொள்ளாத இரண்டு மூன்று விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

என் பட்டியலில் இருப்பவை ஐகாம் ஐசி-7300, யேஸு எஃப்டி-891, ஷியேகு ஜி90, ஐகாம் ஐசி-705, நம் ஹைதராபாத்திலிருந்து வந்த மைக்ரோபிட்எக்ஸ். 7300 என்று சொல்லும்போது 2016இல் கடைக்கு வந்த முதல் பதிப்பைத்தான் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் கிடைக்க வாய்ப்புள்ளதும் அதுதான். யேஸுவின் எஃப்டி-710 அதற்கு நேரடிப் போட்டி. அதுவும் 100 வாட், அதிலும் தொடுதிரை உண்டு, வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய அதேதான். இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். எனவே அதைத் தனியாகப் பேசப் போவதில்லை.

முதலில் பேட்டரிக் கணக்கு. டிரான்ஸ்மிட் செய்யும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். 100 வாட் ரிக் என்றால் 20 ஆம்பியரைத் தொடும். ஆனால் ஒரு ஹாம் தன் நேரத்தில் பெரும்பகுதியைக் கேட்பதிலேயே கழிக்கிறான். கேட்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்துத்தான் பேட்டரி இரவு முழுக்கத் தாங்குமா என்று சொல்ல முடியும். 7300 சும்மா இருக்கும்போது 0.9 ஆம்பியர், ஒலியைக் கூட்டி வைத்தால் 1.25 ஆம்பியர் எடுக்கும். 891க்கு அதன் கையேடு சொல்லும் கணக்கு 2 ஆம்பியர். ஜி90 அரை ஆம்பியரை ஒட்டி நிற்கும். 705 அதற்கும் கீழே போகும். மைக்ரோபிட்எக்ஸ் சில நூறு மில்லியாம்பியரில் முடித்துக்கொள்ளும். 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால், வெறுமனே கேட்பதற்கு 891இல் பத்து மணி நேரம் கிடைக்கும். 7300இல் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜி90 என்றால் ஒன்றரை நாள்.

பேட்டரி வகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் லெட் ஆசிட் பேட்டரியை ரிக்குக்குக் கொடுத்தால், 100 வாட்டில் மைக்கை அழுத்திய கணமே வோல்டேஜ் 12க்குக் கீழே சரிந்துவிடக்கூடும். ஜப்பானிய ரிக்குகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டில் 15 சதவீதம் கூடக் குறைய ஏற்கும்படி அமைக்கப்பட்டவை. அதாவது 11.7 வரைதான். அந்த விளிம்பில் குரல் கரகரக்கும், சில ரிக்குகள் அணைந்தே போய்விடும். ஜி90 10.5 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். பழைய பேட்டரியை வைத்துச் சமாளிப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்குக் கணக்காக நான் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிப் பார்க்கலாம் என்று அரிதாகக் கிடைத்த அனுமதியோடு போனவர்கள். மற்ற தொடர்புகள் அறுந்ததும், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்துத் தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி அனுப்பினார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு வாரத்தைத் தாங்காத ரிக்கை என் மேசையில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

இனி இரைச்சல். இங்கே 7300 (இந்த விஷயத்தில் 705உம்தான்) கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிகிறது. அதற்குக் காரணம், ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னலை நேரடியாக எண்களாக மாற்றிக் கணக்குப் போடும் அதன் முறை. அதனால் 4.3 அங்குலத் திரையில் அலைவரிசை முழுவதும் அருவிபோல ஓடிக்கொண்டே இருக்கும். ஹாம்கள் அதை வாட்டர்ஃபால் என்றே சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல, இரைச்சலின் உருவம் தெரிகிறது என்பதற்காக அது எனக்கு வேண்டும். சீரான இடைவெளியில் கோடு கோடாக இறங்கினால் ஏதோ ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது சார்ஜர், எல்இடி போன்றவற்றுக்குள் இருக்கும் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. திரை முழுக்க மூடுபனிபோல் எழுந்து பொழுது சாய்ந்ததும் மறைந்தால் சோலார் இன்வெர்ட்டர். நண்பர் ஒருவர் தன் 7300இல் இந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தார். கடைசியில் பூஜையறை எல்இடி சரத்தைப் பிடித்தார். அதை மாற்றியதும் இரண்டு படி இரைச்சல் குறைந்தது. ரிக்கில் இருக்கும் எந்த நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சல் குறைப்பு) பொத்தானும் அந்த வேலையைச் செய்திருக்காது.

ஜி90இலும் வாட்டர்ஃபால் உண்டு. ஆனால் திரை 1.8 அங்குலம்தான், காட்டுவதும் 48 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். ஜன்னலைத் திறக்காமல் சாவித் துவாரம் வழியே தெருவைப் பார்ப்பதுபோல இருக்கும். 891 இதில் பின்தங்குகிறது. அலைவரிசையைத் திரையில் காட்டும் அதன் ஸ்கோப்பை ஓடவிட்டால் ஒலி நின்றுபோகும். கேட்டுக்கொண்டே பார்க்க முடியாது. ஆனால் அதன் காது நல்ல காது. சிக்னலை வேறோர் அதிர்வெண்ணுக்கு மாற்றி வடிகட்டும் பழைய சூப்பர்ஹெட் முறையில், பக்கத்து ஸ்டேஷன்களை முன்கூட்டியே தடுக்கும் 3 கிலோஹெர்ட்ஸ் ரூஃபிங் ஃபில்டரோடு கட்டப்பட்டது. அதன் நாய்ஸ் ரிடக்ஷனைப் பயன்படுத்தியவர்கள் மனதாரப் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன்.

நேரடியாக எண்களாக்கும் முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. பலமான சிக்னல் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் அந்த மாற்றி திணறிப்போகும். 7300 அப்போது திரையில் ஓர் எச்சரிக்கை காட்டும். நகரத்துக்குள் பெரும்பாலோருக்கு இந்தப் பிரச்சினை வராது. ஆனால் தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்றால் வாங்குமுன் யோசிக்க வேண்டும். மத்திய அலையைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றை ஆன்டெனா வழியில் போட்டால் சமாளிக்கலாம்.

ரிசீவர் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ராப் ஷெர்வுட் பல ஆண்டுகளாக ரிக்குகளை அளந்து, டைனமிக் ரேஞ்ச் (பக்கத்தில் பலமான சிக்னல் இருக்கும்போதும் மெலிந்ததைக் கேட்கும் திறன்) வரிசையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். வாங்க நினைப்பவர்கள் அந்தப் பட்டியலில் முதலிடம் எது, ஏழாவது இடம் எது என்று பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். போட்டி நாட்களில் 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பெரிய ஸ்டேஷன் ஒன்று அலறும்போதுதான் அந்த எண் வேலைக்கு வரும். எஸ் எட்டு இரைச்சலில் வாழும் எனக்கு, முதலிடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழவே விழாது.

பவர் விஷயத்தில் நான் ஒருமுறை மனம் மாறியவன். முதலில் என் வாதம் இப்படி இருந்தது. ஜி90இன் 20 வாட்டுக்கும் 7300இன் 100 வாட்டுக்கும் இடைவெளி 7 டெசிபல்தான், எஸ் மீட்டரில் ஒரு படி சொச்சம். பத்துக்கும் நூறுக்கும்கூட இரண்டு படி இல்லை. அதற்காக ஜி90 விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து 7300 எதற்கு? ஆன்டெனாவை இன்னும் ஐந்து மீட்டர் உயர்த்தினாலே அந்த 7 டெசிபலில் ஒரு பங்கு கிடைத்துவிடுமே?

காலையில் ஹாம்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசும் ரேடியோ நெட்டில் ஐந்து வாட்டோடு ஒரு மாதம் உட்கார்ந்த பிறகு வாதம் தளர்ந்தது. எனக்கு இரைச்சல் எட்டு என்றால் கோயம்புத்தூரில் அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்கும் எட்டுதான். என் வீட்டில் மின்சாரம் போனால் எனக்குக் காது திறக்கும், அவருக்குத் திறக்காது. நான் அவரைக் கேட்பேன், அவர் என்னைக் கேட்கமாட்டார். நெட்டை நடத்துபவர் மூன்று முறை என் கால்சைனை (ஹாமின் அடையாளக் குறியை) திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, பாவம், அடுத்தவருக்குப் போய்விடுவார். என் இரைச்சலை நான் குறைத்துக்கொள்ளலாம், அவர் இரைச்சலைத் தாண்டிப் போக வாட்தான் வேண்டும். அந்த ஒரு படி சொச்சம்தான் பல நாள் ‘கேட்டது’ என்பதற்கும் ‘கேட்கவில்லை’ என்பதற்கும் நடுவில் நிற்கிறது. 100 வாட் ரிக்கை 20 வாட்டுக்குக் குறைத்து ஓட்டலாம். 20 வாட் ரிக்கை 100க்கு ஏற்ற முடியாது. உரிமத்தில் உங்கள் தரத்துக்கு அனுமதித்த வாட் எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் வரம்பு குறைவு, அதை மீறக் கூடாது.

சூரியனையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சக் காலத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. அந்த உச்சத்தில் 10 மீட்டரில் ஐந்து வாட்டில் ஐரோப்பாவோடு பேசியவர்கள் உண்டு. இனி அது இறங்குமுகம். இன்று வாங்கும் ரிக் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அமைதியான சூரியனுக்குக் கீழேதான் கழிக்கப் போகிறது. 10 மீட்டர் போன்ற மேல் அலைவரிசைகள் படிப்படியாக மூடும். நாம் 40 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் திரும்புவோம். இரைச்சல் மிக மோசமாக இருப்பதும் அங்கேதான்.

ஆனால் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. காந்த நிலநடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். நம் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் ஐரோப்பாவில் இருப்பதைவிட அடர்த்தியானது. 40 மீட்டர் அலையை நேர் மேலே அனுப்பினால் திருப்பித் தமிழ்நாடு முழுக்கத் தூவிவிடும். அதற்கு உயரமான கோபுரம் வேண்டாம், மொட்டைமாடியில் ஆறேழு மீட்டரில் தாழக் கட்டிய டைபோலே நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவின் ஓஹையோவில் உட்கார்ந்து எழுதிய மதிப்புரையை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆன்டெனாவை ரிக்கோடு பொருந்தவைக்கும் டியூனர் பற்றி. அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஆன்டெனா எப்போதும் சமரசம்தான். சங்கத்தில் அனுமதி கிடைத்த இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே வளைத்து நெளித்துக் கட்டிய கம்பி. அந்தக் கம்பிக்கு ஜி90தான் நண்பன். அதன் உள் டியூனர் கண்டபடி விலகிய கம்பியையும் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடும். 7300இன் டியூனர் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்ற அளவு) மூன்று வரைதான். சுமாராக வெட்டிய டைபோலுக்குப் போதும், நெளிந்த கம்பிக்குப் போதாது. 891, 705, மைக்ரோபிட்எக்ஸ் மூன்றிலும் உள் டியூனரே இல்லை. வெளியே ஒன்று வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எஃப்டி8 வந்த பிறகு கம்ப்யூட்டர் இணைப்பும் முக்கியமாகிவிட்டது. இயற்பியலில் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் கொடுத்த, கம்ப்யூட்டர் வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் முறை அது. காதுக்கு எட்டாத சிக்னலையும் கம்ப்யூட்டர் படித்துவிடும் என்பதால், இரைச்சலில் மாட்டிக்கொண்ட நகரத்து ஹாமுக்கு அது பெரிய துணை. 7300க்கும் 705க்கும் ஒரே ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். 891இல் யுஎஸ்பி இருந்தும் அதன் வழியே ஒலி வராது. சவுண்ட் இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டும். ஜி90க்கும் அப்படியே. கேபிள் ஒவ்வொன்றும் இரைச்சலை உள்ளே கொண்டுவரும் இன்னொரு வாசல் என்பதால் இதை நான் அற்ப விஷயமாக நினைக்கவில்லை. எஃப்டி8இல் பதினைந்து நொடிக்கு ஒருமுறை மாறி மாறி முழு பவரில் அனுப்ப வேண்டியிருக்கும். மே மாத மதுரையில் எந்த ரிக்காக இருந்தாலும் பாதிப் பவருக்கு இறக்கிவிடுங்கள்.

705 எனக்கு ரொம்பப் பிடித்த பெட்டி. ஒரு கிலோ எடை, சொந்த பேட்டரி, ஜிபிஎஸ், வைஃபை, ஹெச்எஃப் (சிற்றலை) அலைவரிசைகளோடு 144, 430 மெகாஹெர்ட்ஸும் அதிலேயே உண்டு. கொடைக்கானல் மலையில் ஒரு மரத்தடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஆனால் சொந்த பேட்டரியில் 5 வாட், வெளிச் சப்ளையில் 10 வாட்தான். விலையோ 7300ஐ விட அதிகம். அது இரண்டாவது ரிக்காக இருக்க வேண்டியது. என்னிடம் முதலாவதே இல்லை.

பழுதுபார்ப்பைப் பற்றி திருநெல்வேலிப் பக்கம் ஒரு மூத்த ஹாம் சொன்னது மனதில் தங்கியிருக்கிறது. “தம்பி, ரிக்கை வாங்கு. ஆனா அதைப் பிரிச்சுப் பார்க்க உனக்குத் தைரியம் இருக்கான்னு முதல்ல கேட்டுக்கோ.” என் பழைய பெட்டி போனபோது நான் அனுபவித்தது அதுதான். ஒரு சர்வீஸ் சென்டரில் நான்கு மாதம் கிடந்து, பிரிக்காமலே திரும்பி வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மைக்ரோபிட்எக்ஸை எதுவும் நெருங்க முடியாது. அஷர் ஃபர்ஹான் 2017இல் வெளியிட்ட வடிவமைப்பு அது. சர்க்யூட் முழுக்கத் திறந்த புத்தகம். மூளை ஒரு ஆர்டுயினோ நானோ, கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர். இந்த உதிரிகளைச் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கேட்டு வாங்கலாம். ஆரம்பப் பதிப்புகளில் தேவையற்ற அலைகள் வெளியேறும் குறை இருந்தது, 5ஆம் பதிப்பில் சரிசெய்தார்கள். பத்து வாட்தான், அதுவும் மேல் அலைவரிசைகளில் இன்னும் குறையும். ரிசீவரில் தானாக ஒலியைச் சமன்படுத்தும் ஏஜிசி இல்லாததால் பலமான ஸ்டேஷன் வந்தால் காதைப் பிளக்கும். ஆனாலும் அதைக் கட்டி முடித்தவருக்கு ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது கைவிரல்களுக்கே தெரிந்திருக்கும். கல்லூரி மாணவர் யாராவது கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

புதிதாக உரிமம் வாங்கிய குடும்பஸ்தர், பட்ஜெட் குறைவு, கம்பிதான் ஆன்டெனா என்றால் ஜி90. மிச்சமாகும் காசில் நல்ல கோஆக்ஸ் கேபிள், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள், ஒரு லித்தியம் பேட்டரி. காரில் வைத்து ஊர் ஊராகப் போகிறவருக்கு 891. இரண்டு கிலோ கூட இல்லாத பெட்டியில் 100 வாட், முகப்பைக் கழற்றி டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது அந்த 2 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு 7300. ஆயிரம் மடங்கு சுத்தமான அந்த இரவை எனக்குக் காட்டியது மின்வெட்டு. மின்சாரம் இருக்கும் இரவுகளிலும் அதில் பாதியாவது மீட்டுக்கொள்ள, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் கண் எனக்கு வேண்டும். கோயம்புத்தூர்க்காரரின் எஸ் எட்டைத் தாண்ட 100 வாட் வேண்டும். கேட்கும்போது ஓர் ஆம்பியர் என்பது என் பேட்டரி தாங்கக்கூடியது. டியூனர் போதாத இடத்தில் டைபோலைச் சரியான நீளத்துக்கு வெட்டிக்கொள்வேன், அதற்குப் பணம் தேவையில்லை.

வாங்குமுன் நண்பரிடம் அவருடைய 7300ஐ ஒரு வாரம் கடனாகக் கேட்டிருக்கிறேன். என் மொட்டைமாடி டைபோலில் மாட்டி, மாலை ஏழு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துமே, அந்தப் பகலில் பேட்டரியில் இன்னொரு முறை. இரண்டு வாட்டர்ஃபாலையும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.